அப்பா விட்டுப்போன வெல்டிங் மெஷின்: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

வீட்டுப் பெரியவர்கள் பட்டறை நடத்திவிட்டுப் போனபின், மூலையில் நிற்கும் வெல்டிங் மெஷினை என்ன செய்வது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

அப்பா கிரில் பட்டறை வைத்திருந்தார். எண்ணெய் ஊற்றிய பெரிய மெஷின் எட்டு வருடமாகத் தகரக் கொட்டகையில் கிடக்கிறது. தகட்டில் 415 வோல்ட், 300 ஆம்பியர், ஓப்பன் சர்க்யூட் 80 வோல்ட் என்று இருக்கிறது. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?
— வாசகர், பல்லடம்

இப்போது கொடுக்காதீர்கள். (ஓப்பன் சர்க்யூட் என்பது பற்றவைக்காமல் சும்மா ஓடும்போது வெல்டிங் பக்கம் நிற்கும் வோல்டேஜ்.) அந்தப் பெட்டிக்குள் இருப்பது கோர் எனப்படும் இரும்புத் தகட்டு அடுக்கும், அதில் சுற்றிய மெயின் காயில், வெல்டிங் காயில் இரண்டும்தான். தேய்ந்துபோக அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு மழைக்காலம் ஈரம் குடித்திருக்கும். ஈரக் காயிலுக்கு 415 வோல்ட் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த காயில் அந்த ஒரு நொடியில் எரிந்துவிடும். கெட்டுக் கிடந்த மெஷின்களைவிட, அவசரத்தில் கெடுத்த மெஷின்கள்தான் காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்கு அதிகம் வருகின்றன.

முதலில் எண்ணெய். அடியில் இருக்கும் வால்விலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் தனியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைப் பார்க்க, ஓர் இரும்புக் கரண்டியை நன்றாகச் சுடவைத்து, நெருப்பை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று சொட்டு மட்டும் விடுங்கள். கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். டீ நிறத்துக்கு வந்திருந்தால் ஃபில்டர் செய்து பயன்படுத்த வாய்ப்பு உண்டு. கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால், காயில் ஏற்கெனவே சூடு தாங்காமல் பொசுங்கியிருக்கிறது என்று பொருள். எண்ணெயை மாற்றுவதாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் மட்டுமே. என்ஜின் ஆயில் கூடாது. அதில் சேர்க்கும் ரசாயனங்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடுப்புக்கு அது ஆகாது. பழைய எண்ணெயை மண்ணில் கொட்டாமல், அடுப்பில் எரிக்காமல், கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். வடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மூடியைக் கழற்றி, செயின் புல்லியில் கோரைத் தூக்கிப் பாருங்கள். வெளியே கொண்டுவரும் மின்முனைகள் ஒரு பலகையில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பலகையில் கறுப்பாக, மரக்கிளை போலக் கோடு ஓடியிருந்தால் அது கரண்ட் கசிந்த கரிப்பாதை. சுரண்டினால் போகாது. மின்சாரம் கடத்தாத ஹைலம் ஷீட்டில், 10 அல்லது 12 மி.மீ. கனத்தில், அதே அளவுக்குப் புதுப் பலகை வெட்டிப் போடுங்கள். காயில் செம்பா அலுமினியமா என்று தெரிய, முனையின் வார்னிஷைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் போதும். அலுமினியமாக இருந்தால் செம்பு லக்கை (கேபிள் முனையில் மாட்டும் வளையத்தை) நேரடியாக வைத்து முடுக்காதீர்கள். இரண்டும் சேரும் இடம் அரித்து, தளர்ந்து, சூடேறும். இரட்டை உலோக லக் என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

பிறகுதான் மெக்கர், அதாவது மின்தடுப்பை அளக்கும் மீட்டர். 500 வோல்ட் மெக்கர் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: மெயின் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே, வெல்டிங் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே, இரண்டு காயில்களுக்கும் நடுவே. முதல் இரண்டும் குறைந்தது 2.5 மெகா ஓம், மூன்றாவது 5 மெகா ஓம் காட்ட வேண்டும். உள்ளே கெபாசிட்டர் இருந்தால் அதை முன்பே டிஸ்சார்ஜ் செய்து தனியே கழற்றிவிட வேண்டும்.

அளவு குறைவாக வந்தால் மனம் தளராதீர்கள். உலர்த்தினால் பெரும்பாலும் ஏறிவிடும். கோரிலிருந்து எண்ணெய் முழுக்க வடிந்ததும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக 200 வாட் குண்டு பல்புகளை எரியவிடுங்கள். எல்.இ.டி. பல்பில் சூடு வராது. எண்ணெய் நனைந்த சாமான் என்பதால் பல்பு எதையும் தொடாமல் ஓர் அடி தள்ளி இருக்கட்டும். மேலே ஈரக்காற்று போக வழி விடுங்கள். ஒரு தெர்மாமீட்டரைக் காயிலோடு கட்டி, 80 டிகிரி தாண்டாமல் பாருங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெக்கர் அளவைக் குறித்து வையுங்கள். முதலில் அளவு இன்னும் இறங்கும். பயந்து நிறுத்திவிட வேண்டாம், சூட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே நகர்வதுதான் அது. பிறகு ஓரிடத்தில் நின்று, மெதுவாக ஏறத் தொடங்கும். ஏறி நிலைத்ததும் உடனே எண்ணெயில் இறக்கிவிடுங்கள். திறந்து வைத்தால் மறுபடி ஈரம் குடிக்கும்.

கரண்ட் கொடுக்கும் முதல் நாளில் 415 வோல்ட் வேண்டாம். அதே இரண்டு மெயின் முனைகளுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும், அதாவது 230 வோல்ட், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். பாடிக்கு எர்த் கட்டாயம். வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் பக்கம் எதையும் இணைக்காமல் மீட்டரில் பாருங்கள். 80 வோல்ட் வரவேண்டிய மெஷினில் இப்போது 44 வோல்ட் வரும். கணக்கு எளிது: 80-ஐ 230-ஆல் பெருக்கி 415-ஆல் வகுத்தால் அதுதான். 44-க்கு அருகே வந்து, மெல்லிய உறுமல் மட்டும் கேட்டு, அரை மணி நேரத்தில் சூடு ஏறாமல் இருந்தால் காயில் நலம். எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுந்தாலோ, உறுமல் கனமாக வந்து சீக்கிரம் சூடேறினாலோ உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அப்போது ரீவைண்டிங் தவிர வழியில்லை.

எங்கள் மெஷினில் மேலே உள்ள ஹேண்டில் பாதிக்கு மேல் சுற்றவில்லை. ஆன் செய்தால் வீடே அதிரும் சத்தம்.
— வாசகர், திண்டுக்கல்

இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஹேண்டிலைச் சுற்றும்போது உள்ளே ஓர் இரும்புக் கோர், சில மெஷின்களில் காயிலே, ஒரு மரைத் தண்டில் ஏறி இறங்குகிறது. அதுதான் ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கிறது. மரையில் துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்தால் பாதியில் நிற்கும். பைப் போட்டு நெம்பாதீர்கள், மரை உரிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒயர் பிரஷால் தேய்த்து, கால் சுற்று முன்னும் பின்னுமாக விடுவித்து, கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள்.

சத்தத்துக்கு, நகரும் கோரின் இருபுறமும் அதை இறுக்கிப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். உடைந்திருந்தால் கோர் நொடிக்கு 100 முறை துடிக்கும். கோர் போல்ட்டுகளையும் முடுக்க வேண்டும். ஆனால் அந்த போல்ட்டுகளைச் சுற்றி ஃபைபர் வாஷரும் காகிதக் குழலும் இருக்கும். கழற்றும்போது அவற்றைத் தொலைத்துவிட்டு வெறும் போல்ட்டை மாட்டினால் தகட்டு அடுக்குகள் போல்ட் வழியாக ஒட்டிக்கொண்டு கோர் கொதிக்கும். சத்தம் நிற்கட்டும் என்று அடுக்குகளை ஓரத்தில் வெல்டு அடித்து விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

வீட்டு சர்வீஸில் போடலாமா? தோட்டத்தில் பம்புசெட்டுக்கு த்ரீ ஃபேஸ் இருக்கிறது, அதில் போடலாமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பம்புசெட் லைனில் போடவே கூடாது. விவசாயத்துக்கு என்று கொடுத்த மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும். பிடிபட்டால் கட்டணத்தை இரு மடங்காகக் கணக்கிடுவார்கள்.

வீட்டு லைனைப் பொறுத்தவரை கணக்கைப் பாருங்கள். மெஷின் மெயினிலிருந்து இழுப்பது ஏறக்குறைய ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் பெருக்கல் வெல்டிங் ஆம்பியர், வகுத்தல் மெயின் வோல்டேஜ். 80 வோல்ட் மெஷினில் 120 ஆம்பியரில் பற்றவைத்தால், 415 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். அதே வேலையை 230 வோல்ட்டுக்கான மெஷினில் செய்தால் 42 ஆம்பியர். சாதாரண சிங்கிள் ஃபேஸ் வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. முழு 300 ஆம்பியருக்குப் போனால் 415-லேயே 58 ஆம்பியர்.

இன்னொன்றும் கவனியுங்கள். 120 ஆம்பியரில் ஆர்க்கின் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின்) வோல்டேஜ் 25 அளவுதான். எனவே உண்மையில் வேலைக்குப் போவது 3 கிலோவாட். மெஷின் இழுப்பதோ 9.6 கே.வி.ஏ. பழைய மெஷின்களின் பவர் ஃபேக்டர் (இழுப்பதில் வேலைக்குப் போகும் பங்கு) இவ்வளவு மோசம் என்பதால்தான் மின்வாரியம் கெபாசிட்டர் போடச் சொல்கிறது. தொழிலாக நடத்துவதாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் வெல்டிங் மெஷின் என்று சொல்லியே விண்ணப்பம் கொடுங்கள்.

மாலையில் மட்டும் ராடு ஒட்டிக்கொள்கிறது என்று இதே வாசகர் எழுதியிருக்கிறார். மெயின் 415-லிருந்து 360-க்கு இறங்கினால் உங்கள் 80 வோல்ட் 69 ஆகிவிடும். ஆர்க் பற்றுவதற்கே அந்த வோல்டேஜ்தான் ஆதாரம். குறை உங்கள் கையில் இல்லை.

கேபிள் எந்த சைஸ்? எர்த்தை எங்கே கட்டுவது? அப்பா காலத்தில் ஒரு கம்பியை ஜன்னல் கிரில்லில் மாட்டிவிடுவார்கள்.
— வாசகர், விருத்தாசலம்

200 ஆம்பியர் வரைக்கும் 35 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள், 300 வரைக்கும் 50. ஹோல்டருக்குப் போகும் கேபிளும் திரும்பி வரும் கேபிளும் ஒரே சைஸ் இருக்க வேண்டும். மெயினுக்கு 10 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர், மூன்றாவது கோர் எர்த். மிச்சக் கேபிளை வளையமாகச் சுற்றி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். ஏ.சி.யில் அந்தச் சுருளே ஒரு சோக் ஆகி ஆம்பியரைக் குறைக்கும், கேபிளும் சூடேறும்.

பட்டறையில் ‘எர்த்’ என்று இரண்டைச் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான். மெஷின் பாடியிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பி உயிரைக் காப்பது. 8 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி, இரண்டு தனி ஓட்டமாக. எர்த் கிளாம்ப் என்று நாம் மாட்டுவது கரண்ட் திரும்பி வரும் பாதை. அதை வேலைச் சாமானில், பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் மாட்டுங்கள். கிரில்லில் மாட்டினால் 120 ஆம்பியர் கட்டடக் கம்பி, தண்ணீர்க் குழாய், வீட்டு எர்த் ஒயர் என்று கிடைத்த வழியில் ஓடும். 2.5 சதுர மி.மீ. எர்த் ஒயர் அதைத் தாங்காமல் சுவருக்குள்ளேயே எரியும். பேரிங் உள்ள சாமானில், சுற்றும் பக்கத்தைப் பற்றவைத்து நிற்கும் பக்கத்தில் கிளாம்ப் மாட்டினால் கரண்ட் பேரிங் குண்டுகள் வழியாகப் போய் அவற்றைப் பொத்தல் பொத்தலாக்கும்.

80 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்பின்மேல் உட்கார்ந்து ராடு மாற்றுகிறவருக்கு ஏ.சி. 80 வோல்ட் உயிரை எடுக்கும். காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி பூட்ஸ், உட்கார மரப்பலகை. ஹோல்டரின் ஃபைபர் உடைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

மெஷினோடு பத்துப் பதினைந்து பாக்கெட் ராடும் கிடைத்தது. சிலது பற்றுகிறது, சிலது பற்றவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

ராடின் பிடிக்கும் முனைக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். 6013 என்றால் உங்கள் ஏ.சி. மெஷினுக்குத் தோழன். 6010, 7015 என்று இருந்தால் அவை டி.சி.க்கு மட்டும். காரணம் இது: 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, ஒவ்வொரு முறையும் ஆர்க் அணையப் பார்க்கிறது. 6013-இன் பூச்சில் உள்ள பொட்டாசியம் எளிதில் அயனியாகி அடுத்த அரைச் சுற்றுக்கு ஆர்க்கைப் பிடித்து வைக்கிறது. 6010-இல் இருப்பது சோடியம், அது அந்த அளவுக்குத் தாங்காது. 7018 ஏ.சி.யில் ஓடும், ஆனால் 70 வோல்ட்டுக்குக் குறையாத ஓப்பன் சர்க்யூட் வேண்டும்.

பழைய 6013 ராடில் பூச்சு உதிராமல், கம்பியில் துருப் பிடிக்காமல் இருந்தால் 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 7018 எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதன் பூச்சு ஈரத்தை இழுத்திருக்கும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கனத்த இரும்பில் மணிக்கணக்குக் கழித்து வெடிப்பு உண்டாக்கும். அதை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காயவைக்க வசதி இல்லையென்றால் பாரம் தாங்கும் வேலைக்குத் தொடாதீர்கள்.

யாரும் சொல்லிக் கொடுக்க இல்லை. எங்கிருந்து தொடங்குவது? ராடு வைத்தவுடன் ஒட்டிக்கொள்கிறது.
— வாசகர்கள், கோவில்பட்டி, கும்பகோணம், மட்டக்களப்பு

50×6 மி.மீ. இரும்புப் பிளாட் வாங்கி 150 மி.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கிரைண்டரில் துருவையும் கறுப்புத் தோலையும் எடுத்துவிடுங்கள். 3.15 மி.மீ. 6013, 110 ஆம்பியர். மெஷினின் முள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பழைய மெஷினில் அது 20, 30 ஆம்பியர் தள்ளி இருப்பது சாதாரணம். பற்றவைக்கும்போது ஒருவர் கேபிளில் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்க்கட்டும். பிறகு உங்கள் ஹேண்டில் எத்தனை சுற்றுக்கு எத்தனை ஆம்பியர் என்று சாக்பீஸில் பாடியிலேயே எழுதிவிடலாம்.

இதர ராடுகளுக்கு: 2 மி.மீ. என்றால் 40 முதல் 60, 2.5 என்றால் 60 முதல் 90, 4 என்றால் 140 முதல் 180 ஆம்பியர்.

தீக்குச்சி உரசுவது போல நுனியை இழுத்து, ஆர்க் வந்ததும் 3 மி.மீ. உயர்த்துங்கள். குத்தி வைத்தால் ஒட்டும். ஒட்டினால் மணிக்கட்டைத் திருப்பி முறித்து எடுங்கள், வராவிட்டால் ஹோல்டரின் வாயைத் திறந்து ராடை விட்டுவிடுங்கள். ராடு செக்கச்சிவந்து பூச்சு உதிரும் வரை மல்லுக்கட்ட வேண்டாம். பாதி எரிந்த ராடு மறுபடி பற்றாததற்குக் காரணம், நுனிக் குழியில், பூச்சு உருகி உண்டான கசடு கண்ணாடி போல மூடியிருப்பதே. ஒரு ஃபைலில் லேசாக உரசினால் கம்பி தெரியும்.

ஆர்க் கிடைத்ததும் ராடைப் போகும் திசைக்கு 15 டிகிரி சாய்த்து, நுனிக்கும் இரும்புக்கும் இடையே கம்பியின் விட்டம் அளவு இடைவெளியோடு இழுத்துக்கொண்டு போங்கள். ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். புதியவர்களுக்குத் தவறுவது இந்த இடத்தில்தான். கை அதே உயரத்தில் நிற்க, ஆர்க் நீண்டு, தெறிப்பு கூடி, பீட் (பற்றவைத்த கோடு) அகன்று போகும். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்குங்கள், முழங்கை மேஜையில் ஊன்றட்டும்.

கருப்புக் கண்ணாடிக்குள் எதைப் பார்ப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். எல்லோரும் ஆர்க்கின் வெளிச்சத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் உருகிய குளம். அதில் இரண்டு பொருள் தெரியும். பளபளவென்று ஈரம் போல, சற்று மங்கலாக, வழுவழுவென்று நிற்பது இரும்பு. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் அதைவிடப் பிரகாசமாக, கொதிக்கும் பாகு போல நகர்ந்து பின்னால் சேர்வது கசடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாளில் உங்களுக்குப் பாதி வேலை வந்துவிட்டது. குளம் ராடின் விட்டத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு அகலமாகும் வரை பொறுத்து, பிறகு நகருங்கள்.

சத்தமும் சொல்லும். வடை பொரிவது போல ஒரே சீராக வந்தால் ஆர்க் சரியான நீளத்தில் இருக்கிறது. விட்டுவிட்டு ஊதுவது போல வந்தால் ஆர்க் நீளம். ஆறிய பீட் மண்புழு போல உருண்டு மேலே உட்கார்ந்திருந்தால் ஆம்பியர் போதாது. தட்டையாகப் பரந்து, அலைகள் கூர்மையாகி, ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஆம்பியர் அதிகம் அல்லது வேகம் அதிகம்.

ஒரு தகட்டில் 10 மி.மீ. இடைவெளியில் நேர்க்கோடுகள் போடுங்கள். அது பழகியதும் ஒரு பீட்டின் பாதியில் அடுத்த பீட் ஏறும்படி தகடு முழுக்க நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் கசடைச் சிப்பிங் சுத்தியால் தட்டி, பிரஷ் போட்டு, பிறகுதான் அடுத்தது. நிரப்பியதைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். கறுப்புப் பொட்டு இல்லாமல் வந்தால் மூட்டு போடத் தயார். நூறு ராடாவது இப்படிச் செலவழியுங்கள். அது வீண் செலவு அல்ல.

கேட் கீல் பற்றவைத்தேன். மேலே பார்க்க அழகாக இருந்தது. ஒரே மாதத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.
— வாசகர், ஆம்பூர்

முறிந்த இடத்தைப் பாருங்கள். மூலையில் இரும்பின் பழைய விளிம்பு வெட்டியபோது இருந்த அதே கூர்மையோடு தெரிந்து, அதன்மேல் சாம்பல் நிறக் கசடு ஒட்டியிருந்தால், நீங்கள் போட்ட பீட் மூலையைத் தொடவே இல்லை. இரண்டு சுவர்களுக்கும் நடுவே பாலம் போல நின்றிருக்கிறது. 6013-இல் கசடு நிறைய, எளிதில் ஓடும். மூலையில் அது ஆர்க்கை முந்திக்கொண்டு முன்னால் ஓடினால் இரும்பு அதன்மேல்தான் விழும்.

இதற்கு மருந்து: 3.15 ராடுக்கு 120 ஆம்பியர் வரை ஏற்றுங்கள், ஆர்க்கை மிகக் குறுகலாக வைத்து நேராக மூலைக்குள் குறிவையுங்கள், இரண்டு தகடுகளுக்கும் 45 டிகிரியில். போகும் திசையில் இன்னும் கொஞ்சம் சாய்த்து இழுத்தால் கசடு பின்னால் தள்ளப்படும். சாமானை ஒரு கட்டை வைத்து, நீங்கள் போகும் பக்கம் சற்று உயரும்படி நிறுத்தினாலும் கசடு பின்னோக்கியே வழியும். பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாம் இருபுறமும் 20 மி.மீ. கிரைண்டர் போட்டு எடுத்த பிறகே தொடங்குங்கள். முடிக்கும்போது ராடைப் பிடுங்காமல் ஒரு நொடி நின்று, கொஞ்சம் பின்னால் வந்து குழியை நிரப்பி எடுங்கள். நிரப்பாத குழியில்தான் நட்சத்திரம் போல வெடிப்பு விழும்.

நம்பிக்கை வரும் வரை ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பிளாட்டை டி வடிவத்தில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறியதும் வைஸில் பிடித்து, பீட் போட்ட பக்கத்தை நோக்கிச் சுத்தியால் அடித்து மடக்குங்கள். மடங்கினால் நல்லது. முறிந்தால் உள்ளே பாருங்கள், என்ன தவறு என்று அதுவே காட்டிவிடும்.

18 கேஜ் சதுரப் பைப்பில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது.
— வாசகர், காரைக்குடி

18 கேஜ் என்பது 1.2 மி.மீ. அதற்கு 2 மி.மீ. ராடு, 40 முதல் 50 ஆம்பியர். பழைய பெரிய மெஷின்கள் பல 60, 80-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அந்த மெஷினில் இந்த வேலை வராது. அதுதான் உண்மை, உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். இறங்கும் மெஷினாக இருந்தால், தொடர்ந்து இழுக்காமல் ஒரு பொட்டு, சிவப்பு மங்கும் வரை நிறுத்தம், அதன் பாதியில் அடுத்த பொட்டு என்று போங்கள். இணைப்பில் இடைவெளி தெரியாமல் பைப்பை ஒட்ட அறுத்திருந்தால் பாதி ஓட்டை தானே குறையும். செங்குத்து இணைப்பை மேலிருந்து கீழாக இறக்குங்கள்.

மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், ராஜபாளையம்

ஜன்னல், கிரில், மெல்லிய பைப், சிங்கிள் ஃபேஸ், மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை என்றால் இன்வெர்ட்டரே சரி. டி.சி. ஆர்க் மென்மையாகவும் இருக்கும். டிராக்டர் கலப்பை, டிரெய்லர் சேஸ், 6 மி.மீ.க்கு மேற்பட்ட தகடு, நாள் முழுக்க 4 மி.மீ. ராடு என்றால் பழையதை விடாதீர்கள். 300 ஆம்பியர், 60 சதவீதம் (அந்த ஆம்பியரில் மொத்த நேரத்தில் அவ்வளவு பங்குதான் ஓடலாம்) என்று தகட்டில் இருந்தால் 230 ஆம்பியரை இடைவிடாமல் கொடுக்கும். இன்வெர்ட்டரில் கிரைண்டர் தூசி புகுந்து போர்டு போனால் பழுது பார்க்க ஆள் தேட வேண்டும். உங்கள் மெஷினை மோட்டார் ரீவைண்டிங் தெரிந்த யாரும் சரிசெய்வார்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் முதலில் செம்பா அலுமினியமா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வெல்டிங் பார்த்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடலாமா?
— வாசகர், செஞ்சி

வேண்டாம். தாய்ப்பாலோ உருளைக்கிழங்குச் சாறோ, கிருமி இல்லாதது அல்ல. ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. அதனால்தான் உடனே தெரியாமல், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு இரவில் மணல் கொட்டியது போல உறுத்துகிறது. அந்த மேல்தோல் உரிந்திருக்கும் நேரத்தில் கிருமி சேர்ந்தால் பார்வைக்கே கேடு. கண்ணைக் கசக்காமல், சுத்தமான ஈரத்துணியை மேலே வைத்து, இருட்டறையில் படுங்கள். பொதுவாக ஒன்று, இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் உடனே போங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள், அது தோல் மூடுவதைத் தடுக்கும்.

வெல்டிங் கருப்புக் கண்ணாடிக்கு: 80 ஆம்பியர் வரை 10ஆம் எண், அதற்கு மேல் 170 வரை 11. கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு டாக் (தற்காலிகப் பொட்டு) அடிப்பதும், கண்ணை மூடிக்கொண்டு டாக் அடிப்பதும் காப்பு ஆகாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிர்தான் படுகிறது, ஒரு தகரத் தட்டி கட்டி மறையுங்கள்.

ஜி.ஐ. பைப் பற்றவைத்த அன்று இரவு குளிர்காய்ச்சல் வந்தது. இன்னொன்று: காலி டீசல் டிரம்மை வெட்டி அடுப்பு செய்ய ஆசை.
— வாசகர், நாகர்கோவில்

ஜி.ஐ. பூச்சில் உள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகி நுரையீரலுக்குப் போனதன் காய்ச்சல் அது. அடுத்த முறை இணைப்புக்கு இருபுறமும் 25 மி.மீ. பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, திறந்த வெளியில் செய்யுங்கள். மூச்சுத் திணறல் இருந்தாலோ ஒரு நாளில் சரியாகாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

டிரம்மைத் தொடாதீர்கள். காலி என்று நாம் நினைக்கும் டிரம்மின் மடிப்பில் தங்கிய சில துளி டீசல், சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்து வெடிக்கும். மூடியைத் திறந்து வைப்பதாலோ தண்ணீர் விட்டு அலசுவதாலோ அது போய்விடாது. அடுப்புக்குப் புதுத் தகடு வாங்கிக்கொள்ளுங்கள், 3 மி.மீ. போதும்.